கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தரும் பணி, சில ஆண்டுகளாக என்னிடமே வந்து சேர்கிறது. இதுவரை தமிழ்ப் புலவர்களையும் தேசபக்தர்களையுமே எடுத்துக்கொண்டேன். இவ்வாண்டு கடல் கடந்த நாட்டு அம்மையார் ஒருவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் என் மகள். அவள் திருப்பதியில் கணிப்பொறிக் கல்வி பயில்கிறாள். முன்னைய ஆண்டு மாணவர் ஒருவர் எழுதிவைத்துச் சென்ற நிரல் ஒன்றைத் திருத்தி மேலும் வளர்க்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். நிரல் என்பது கணிப்பொறிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடர். மூன்று இரவுகள் கண் விழித்தும் அதன் பொருள் விளங்காமல், முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதப்போவதாக அவள் சொன்னாள். எழுதியவர் கெட்டிக்காரர்தாம், பொறிக்குப் புரிந்தது, மனிதருக்குப் புரியவில்லை.

கேட்டதும் எனக்கு என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுப்புப் பதிவேட்டில் இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, நானே சில குறிகளை அமைத்துக்கொண்டேன். ஒரு புள்ளி வைத்தால் ஒரு பொருள், புள்ளியைச் சுற்றி வட்டமிட்டால் வேறு பொருள். பார்ப்பதற்கு அழகாகவும் சுருக்கமாகவும் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து முதிய தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய விடுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த வட்டமிட்ட புள்ளி எதைக் குறித்தது என்பது எழுதிய எனக்கே மறந்துபோயிருந்தது. உண்மையை வேறு தாள்களிலிருந்து தேடி எடுக்கும்வரை அம்முதியவர் நான்கு முறை நடந்தார். ஒரு முறையேனும் அவர் கோபித்துக்கொண்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். அவரோ ஒவ்வொரு முறையும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் குறையைத் தீர்ப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிரேஸ் புரூஸ்டர் மரே. தந்தையார் காப்பீட்டுத் தொழில் செய்தவர். நோயினால் இரு கால்களையும் இழந்தவர். தாம் இல்லாத காலத்திலும் தம் பெண் மக்கள் தம் காலில் நிற்க வேண்டும் என்று கருதி, மகனுக்கு அளித்த கல்வியை மகளிருக்கும் குறைவின்றி அளித்தார். அந்நாளில் அது எளிதாகக் காணக்கூடிய பண்பன்று. ஏழு வயதில் சிறுமி, கடிகாரத்தில் மணி அடிப்பது எவ்வாறு என்றறிய விரும்பி அலாரக் கடிகாரம் ஒன்றைப் பிரித்தாள். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காக இன்னொன்றைப் பிரித்தாள். தாயார் கண்டபோது வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் கழன்று கிடந்தன. இனி ஒன்றை மட்டும் பிரிக்கலாம் என்று தாயார் வரம்பு கட்டினாரே அல்லாமல், அடிக்கவில்லை.

வாசர் என்னும் மகளிர் கல்லூரியில் சேர முயன்றபோது இலத்தீன் மொழித் தேர்வில் தவறிப்போனார். ஓராண்டு காத்திருந்து சேர்ந்து, 1928-இல் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-இல் முதுகலைப் பட்டமும் 1934-இல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். இடையே 1930-இல் வின்சென்ட் ஹாப்பர் என்னும் பேராசிரியரை மணந்தார். அம்மணம் 1945-இல் முறிந்தது, மக்கட்பேறு இல்லை, கணவர் பெயரை மட்டும் இறுதிவரை தாங்கினார்.

1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்த நாட்களில் அவர் கைக்கொண்ட முறை ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. கணக்கைப் போட்டுக் காட்டினால் மட்டும் போதாது, அதைப் பற்றிக் கட்டுரையும் எழுத வேண்டும் என்பது அவர் விதி. தாங்கள் படிக்க வந்தது கணிதமேயன்றி மொழிப் பாடம் அன்று என்று மாணவியர் முறையிட்டனர். தாம் அறிந்த கணிதத்தைப் பிறருக்கு எடுத்துரைக்க இயலாதவர்க்கு அக்கணிதத்தால் பயனில்லை என்று அவர் விடை கூறி, கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து, மறுபடியும் எழுதச் செய்தார். பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து அந்த வகுப்பறையிலேயே விழுந்தது என்பது என் கருத்து.

1941 டிசம்பரில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. அம்மையாரின் பூட்டனார் ஒருவர் கடற்படைத் தளபதியாக இருந்தவர். ஆகவே கடற்படை மேல் அவருக்குப் பற்று உண்டு. ஆனால் வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. உடலோ நிர்ணயித்த எடைக்குக் குறைந்த மெலிந்த உடல். கணிதப் பேராசிரியர்கள் நாட்டிற்குக் கல்லூரியிலேயே தேவை என்ற தடை வேறு. விலக்குகளைக் கேட்டுப் பெற்று 1943 டிசம்பரில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறினார். 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த கணிப்பணிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே அவர் கண்டது மார்க் ஒன்று என்னும் பெரும்பொறி. நீளம் 51 அடி. உயரம் 8 அடி. எடை ஏறத்தாழ 5 டன். 23 இலக்க எண்களை 72 இடங்களில் நினைவில் வைக்கும். நொடிக்கு மூன்று கூட்டல். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி. இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் தொலைபேசியின் முன் அது ஒன்றுமில்லை. அன்றோ அது போர்க்கால அதிசயம். கட்டளைகள் எல்லாம் காகித நாடாவில் துளைகளாக இடப்பட வேண்டும். பொறியை அமைத்த ஹோவர்டு ஐக்கன் கடுமையான அதிகாரி. வந்து சேர்ந்த அன்றே ஒரு கணக்கைத் தந்து, ஒரு வாரத்தில் விடை வேண்டும் என்றார். கற்றுக்கொள்ளப் புத்தகம் எதுவும் இல்லை. தம்மினும் இளைய இரு அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு அம்மையார் கற்றார்.

புத்தகம் இல்லாத குறையை அவரே தீர்க்க வேண்டியதாயிற்று. பொறியை இயக்கும் முறைகளை நூலாக எழுதுமாறு ஐக்கன் ஆணையிட்டார். தாம் ஒருபோதும் நூல் எழுதியதில்லை என்று சொல்லிப் பார்த்தார். கடற்படையில் இருப்பவர் அவ்வாறு சொல்லலாகாது என்று பதில் வந்தது. நாள்தோறும் எழுதிய பக்கங்களை மாலையில் தலைவருக்குப் படித்துக் காட்டித் திருத்தி, 1946-இல் வெளியான அந்நூல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது.

அக்காலத்தில் அக்குழுவினர் ஆளுக்கொரு குறிப்பேடு வைத்திருந்தனர். சரியாக இயங்கியது என்று கண்ட கட்டளைத் துண்டுகளை அதில் எழுதிவைப்பர். சைன் கணக்கிட ஒன்று, அடுக்குக் கணக்கிட ஒன்று. ஒருவருக்குத் தேவைப்பட்டால் மற்றவர் ஏட்டைப் பார்த்து நகல் எடுப்பர். ஒரு முறை சரியாக எழுதி, சோதித்து, பெயரிட்டு வைத்ததை மறுபடியும் மறுபடியும் எல்லோரும் பயன்படுத்தும் இம்முறையே இன்று துணை நிரல் என வழங்குகிறது. ஆனால் மனிதர் நகல் எடுக்கும்போது எழுத்தை எண்ணாகவும் எண்ணை எழுத்தாகவும் பிறழ எழுதிவிடுவதை அம்மையார் கவனித்தார். இதனை நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்றொரு பொறியான மார்க் இரண்டில் 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் அந்துப்பூச்சி ஒன்று மின்தொடர்பியில் சிக்கி இறந்து பொறியை நிறுத்தியது. பணியிலிருந்தோர் அதை எடுத்து, நாட்பதிவேட்டில் நேரத்துடன் ஒட்டிவைத்தனர். நிரலிலுள்ள பிழையைப் பூச்சி என்று வழங்குவது அன்றுதான் பிறந்தது என்றும், கண்டெடுத்தவர் அம்மையாரே என்றும் பலர் எழுதிவிட்டனர். இரண்டும் சரியன்று. அச்சொல் பொறியியலாரிடம் முன்பே இருந்தது. அம்மையார் அந்தக் கதையைப் பலரறியச் சொன்னவர். எனக்கு வியப்பளிப்பது பூச்சியன்று, பதிவேடு. அதை ஒட்டிவைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதால் அன்றோ இன்றும் அது வாஷிங்டன் காட்சிசாலையில் இருக்கிறது!

1949-இல் ஹார்வர்டு ஒப்பந்தம் முடிந்தது. பிலடெல்பியாவில் யூனிவாக் என்னும் பொறியை உருவாக்கிக்கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அவ்வாண்டுகளில் மதுப்பழக்கத்தாலும் மனச்சோர்வாலும் அவர் மிகவும் துன்புற்றார் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. நண்பர்கள் துணைநின்றனர், அவர் மீண்டார். மீண்டபின் செய்ததே அவருடைய பெரும்பணி.

நிற்க. அன்றைய நிரல் எப்படி இருந்தது என்பதை நம் ரயில்வே வழக்கைக் கொண்டு கூறலாம். ரேணிகுண்டாவுக்கு ஆர்.யு. என்றும் சித்தூருக்கு சி.டி.ஓ. என்றும் எழுதுகிறோம். நமக்கு விளங்கும், வண்டிக்குக் காத்திருக்கும் பயணிக்கு விளங்காது. ஒரு கடிதம் முழுவதும் இத்தகைய குறிகளாலேயே, அதிலும் பெரும்பாலும் எண்களாலேயே எழுதப்பட்டால் எவ்வாறிருக்கும்? எழுதியவர் வேலையை விட்டுச் சென்றால், அது யாருக்கும் பயன்படாத தாளாகிவிடும்.

அம்மையாருக்குத் தோன்றியது இது: நகல் எடுப்பதில் மனிதர் பிழை செய்கின்றனர், பொறி செய்வதில்லை, ஆகவே துணை நிரல்களைத் தேடி எடுத்துக் கோக்கும் வேலையைப் பொறியிடமே விட்டால் என்ன? 1952-இல் அவர் இதைச் செய்துகாட்டினார். இத்தகைய கருவிக்குத் தொகுப்பி என்று பெயர். கணிப்பொறி கூட்டும் கழிக்கும், நிரல் எழுதாது என்று அறிந்தோர் பலர் நம்பினர். ஓடிக்கொண்டிருக்கும் தொகுப்பியைக் கண்ணெதிரே காட்டியபோதும் தொடத் தயங்கினர். அவரோ அதன் மேம்பட்ட வடிவத்தை 1953-இல் பயனாளருக்கு அனுப்பி, குறைகளையும் திருத்தங்களையும் எழுதியனுப்புமாறு கேட்டுக்கொண்டார். ஒளித்து வைத்தால் வளராது என்பதை அப்போதே அறிந்திருந்தார் போலும்.

அடுத்து எழுந்த எண்ணம் இன்னும் துணிவானது. சம்பளப் பட்டியலும் சரக்கிருப்பும் கணிப்பவர்கள் கணிதக் குறிகளை விரும்புவதில்லை, சொற்களை விரும்புகின்றனர். ஆகவே ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் மொழி ஒன்றை அமைக்க முற்பட்டார். எந்த மொழிச் சொல்லாயினும் பொறிக்கு அது குறியே என்று நிறுவுவதற்காக, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மானிலும் எழுதி மேலதிகாரிகளுக்குக் காட்டினார். அமெரிக்காவில் செய்த பொறிக்குப் பிரெஞ்சு எவ்வாறு விளங்கும் என்று அவர்கள் திகைத்தனர். திட்டம் அதனாலேயே சில மாதங்கள் தாமதமாயிற்று! அதைப் படித்தபோது, பிரெஞ்சுக்கு இடமுண்டெனில் தமிழுக்கும் தெலுங்குக்கும் உண்டன்றோ என்று நான் எண்ணிக்கொண்டேன். இரு மொழி நடுவே வாழும் நம் போன்றோர்க்கு வரும் எண்ணம் அது. இவ்வாறு பிறந்த மொழி புளோமேட்டிக் எனப் பெயர் பெற்றது.

அந்நாளில் ஒவ்வொரு நிறுவனத்தின் பொறிக்கும் ஒவ்வொரு மொழி. பொறியை மாற்றினால் நிரல் எல்லாம் வீண். இதைத் தவிர்க்க 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் அரசினரும் வணிகரும் கூடினர். அதன் விளைவே கோபால் என்னும் பொது மொழி. அம்மையாரை அதன் தாய் என்பர். அவர் அதை வகுத்த குழுவின் உறுப்பினர் அல்லர்; ஆலோசகரே. ஜீன் சாம்மெட் அம்மையார் முதலிய பலரின் உழைப்பு அதிலுண்டு. எனினும் அக்குழுவினருக்கு முன்மாதிரியாக நின்றது புளோமேட்டிக்.

அம்மொழியின் அமைப்பை என் மகள் விளக்கக் கேட்டபோது எனக்குப் பரிச்சயமானது போன்றிருந்தது. நிரல் நான்கு பிரிவுகள் உடையது. முதற்பிரிவில் நிரலின் பெயர்; எழுதியவர் பெயரும் எழுதிய நாளும் குறிக்க அங்கேயே இடமுண்டு. இரண்டாவதில் எந்தப் பொறியில் இயங்குவது என்னும் விவரம். மூன்றாவதில் கையாளப்படும் தகவல்கள், ஒவ்வொன்றும் எத்தனை இலக்கம், என்ன பெயர் என்னும் பட்டியல். நான்காவதிலேதான் செய்ய வேண்டிய செயல்கள். பெயர்கள் முப்பது எழுத்துவரை இருக்கலாம். ஆதலின் நிகரச் சம்பளத்தை நிகரச் சம்பளம் என்றே எழுதலாம், புள்ளியும் வட்டமும் வேண்டா. பொறியைப் பற்றியவை தனியிடத்தில் ஒதுங்கி நிற்பதால், பொறி மாறினால் அப்பகுதியைத் திருத்தினால் பெரும்பாலும் போதும். 1960 டிசம்பரில் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு பொறிகளில் ஏறத்தாழ ஒரே நிரலை ஓட்டிக் காட்டினர். எழுத்து பொறியினும் நெடுநாள் வாழும் என்பது அன்று மெய்யாயிற்று.

குறை இல்லாமலில்லை. அம்மொழி சொல் மிகுந்தது என்று அறிஞர் பலர் பழித்தனர். டச்சு நாட்டு டைக்ஸ்ட்ராவின் கண்டனம் மிகக் கடுமையானது. ஆங்கிலச் சொல் இருந்துவிட்டால் தெளிவு தானே வந்துவிடாது. அங்குமிங்கும் தாவும்படி குழப்பமாக எழுதுவோர் அம்மொழியிலும் எழுதினர். இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கங்களில் குறித்தனர். 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது அதைத் திருத்த உலகெங்கும் பெரும்பொருள் செலவாயிற்று. என் வட்டமிட்ட புள்ளியின் அண்ணன் அது. 2020 ஏப்ரலில், கொள்ளை நோயால் வேலையிழந்தோர் கூட்டம் கூட்டமாக உதவிக்கு விண்ணப்பித்தபோது, நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபால் அறிந்த தொண்டர்கள் வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்கவேண்டி வந்தது. நிரல் நின்றது; அதைப் படிக்கத் தெரிந்தவர்களை நாம் போற்றி வைக்கவில்லை. திருமலையில் அன்னமாசாரியாரின் கீர்த்தனைகள் செப்பேடுகளில் பல நூற்றாண்டு ஓர் அறைக்குள் கிடந்து இருபதாம் நூற்றாண்டில் உலகறிய வெளிவந்தன. சாகித்தியம் இருந்தது, ராகப் பெயரும் இருந்தது, பாடிய மெட்டு இல்லை. இன்று நாம் கேட்பவற்றுட் பெரும்பாலானவை பிற்காலத்தார் அமைத்த மெட்டுக்கள். அந்த நினைவுதான் எனக்கு வந்தது.

அம்மையார் 1966 இறுதியில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். ஏழு மாதங்களுக்குள், 1967 ஆகஸ்டில், ஆறு மாதப் பணிக்கு என்று மீண்டும் அழைத்தனர். கடற்படையில் ஒவ்வோரிடத்திலும் கோபால் ஒவ்வொரு விதமாகத் திரிந்துவிட்டது. அதை ஒரே நெறிக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வேலை. விற்க வரும் ஒவ்வொரு தொகுப்பியும் நெறிமுறைப்படி இயங்குகிறதா என்று அறியச் சோதனை நிரல்களை அவர் குழு எழுதியது. அச்சோதனையில் தேறாமல் விற்க இயலாது என்றதும் நிறுவனங்கள் தாமே வழிக்கு வந்தன. ஆறு மாதம் என்றது பத்தொன்பது ஆண்டுகளாயிற்று. 1973-இல் கேப்டன், 1983-இல் கொமடோர், 1985-இல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்டு 14-ஆம் நாள், பாஸ்டன் துறையில் நிற்கும் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழங்கப்பலின் மேல்தளத்தில் ஓய்வு விழா நடந்தது. அப்போது அவருக்கு வயது 79.

அவர் அறையில் மாட்டியிருந்த கடிகாரம் இடப்புறமாகச் சுழலும். வழக்கம் என்பதற்காகவே ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டா என்று வருவோருக்கு நினைவூட்ட அதை வைத்திருந்தார். ஆயினும் வழக்கத்தை உடைத்தவரே நெறிமுறை வகுப்பதில் அவ்வளவு கண்டிப்பு காட்டினார். இது முரணா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காரணம் தெரியாத வழக்கத்தை அவர் விட்டார். காரணம் எழுதிவைத்த விதியைப் போற்றினார்.

ஓய்வுக்குப் பின்னும் கணிப்பொறி நிறுவனம் ஒன்றின் ஆலோசகராக ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றினார். கைப்பையில் கம்பித் துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் 11.8 அங்குலம். ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கில் மின்னோட்டம் செல்லக்கூடிய மிகப்பெரும் தொலைவு அவ்வளவே என்று சொல்லி, கேட்போருக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். 1991-இல் அமெரிக்க நாட்டின் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் ஆர்லிங்டனில் உறக்கத்தில் உயிர் நீத்தார். அவ்வூரில் உள்ள தேசிய இடுகாட்டில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் போர்க்கப்பல் ஒன்று அவர் பெயரைத் தாங்கியது. 2016-இல் அந்நாட்டின் உயரிய குடிமை விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது.

என் மகள் மூத்த மாணவரின் நிரலை அழிக்கவில்லை. அவரையே தேடிப் பிடித்துக் கேட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அதன் நோக்கத்தை இரண்டு வரியில் எழுதி, பொருளற்ற பெயர்களை மாற்றி முடித்தாள். பதினைந்து நாட்கள் ஆயின. அதற்குள் நானும் பாகாலா வழியாகப் போய்வரும் வண்டியில் அமர்ந்து, என் மேசைக்கு அடுத்து வரப்போகிறவருக்காக ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இருபத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது.